சுவர் முழுக்கக் கிறுக்கல்: ஆசையும் கெடாமல் வீடும் கெடாமல்

கேள்வி: என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. பேனா, கிரேயான், லிப்ஸ்டிக் என்று கையில் எது கிடைத்தாலும் சுவரில் கிறுக்குகிறாள். நாங்கள் இருப்பது வாடகை வீடு. நோட்டுக் கொடுத்தால் இரண்டு கோடு போட்டுவிட்டு மறுபடியும் சுவருக்கே ஓடுகிறாள். திட்டினால் வரையும் ஆசையே போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அவள் சுவருக்கு ஓடுவதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். இந்த வயதில் விரல்களும் மணிக்கட்டும் இன்னும் வசப்பட்டிருக்காது. கிரேயானை முஷ்டியில் இறுக்கிக்கொண்டு, தோளிலிருந்து முழுக் கையையும் வீசித்தான் கோடு போடுவாள். அந்த வீச்சுக்கு நோட்டு போதாது; கொஞ்சம் அழுத்தினாலே நகர்ந்தும் விடும். சுவர் நகராது.

இன்னொன்றும் உண்டு. உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சனும் யோனாஸும் 1968-ல் வெளியிட்ட ஆய்வில், சின்னக் குழந்தைகளிடம் தடம் பதிக்கும் கோலையும் பதிக்காத கோலையும் கொடுத்துப் பார்த்தார்கள். பதிக்காத கோல் கிடைத்தபோது குழந்தைகளின் கிறுக்கல் வெகுவாகக் குறைந்துவிட்டது. கையை ஆட்டுவது மட்டும் அவர்களுக்குப் போதவில்லை, தன் கையால் ஒரு கோடு விழ வேண்டும். உங்கள் மகளையே கவனியுங்கள். ஒரு கோட்டை இழுத்து முடித்ததும் அரை நொடி நின்று, தலையைப் பின்னால் சாய்த்து அதைப் பார்ப்பாள். மை தீர்ந்த ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

எனவே சுவரையே கொடுங்கள், ஒரு துண்டு மட்டும். நான்கைந்து சார்ட் தாள்களை ஒட்டிச் சேர்த்து, அலமாரிக் கதவிலோ சுவரிலோ அவள் தோள் உயரம் நடுவில் வரும்படி மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். மை ஊறாமலிருக்க இரண்டு அடுக்காகப் போடுங்கள். டேப்பை மாதக்கணக்கில் விட்டால் எடுக்கும்போது பெயின்ட்டும் பெயர்ந்து வரும், அவ்வப்போது மாற்றிவிடுங்கள். வேறு இடத்தில் கிறுக்கினால் கத்த வேண்டாம். “நாம் இங்கேதான் வரைவோம்” என்று ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி, கையைப் பிடித்துத் தாளுக்கு அழைத்துப் போங்கள். ஒரு நாளில் பழகாது, இருபது முப்பது முறைகூட ஆகலாம்.

பேனா, பர்மனென்ட் மார்க்கர், லிப்ஸ்டிக் மூன்றும் அவளுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அது நம் பொறுப்பு, அவளுடையது அல்ல. தண்ணீரில் கழுவினால் போகும் தடிமனான கிரேயான் இரண்டு மூன்று போதும். உடைந்த துண்டுகளையும் மார்க்கர் மூடிகளையும் உடனே அப்புறப்படுத்துங்கள். மூன்று வயதுக்குள் எல்லாம் வாய்க்குத்தான் போகும், தொண்டையில் சிக்கினால் ஆபத்து. நீங்கள் வேலையாக இருக்கும் நேரத்துக்குச் சிலேட்டும் தண்ணீரில் நனைத்த தூரிகையும் நல்ல துணை. கோடு பளிச்சென்று விழும், கொஞ்ச நேரத்தில் தானே காய்ந்து மறையும்.

ஏற்கெனவே விழுந்த கறைகளுக்கு வருவோம். கிரேயான் என்பது மெழுகு, வெறும் தண்ணீருக்கு அசையாது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து மெல்லிய துணியால் துடையுங்கள். மிச்சத்தை, ஈரத்துணியில் கொஞ்சம் சமையல் சோடா தொட்டு லேசாகத் தேயுங்கள். பால்பாயின்ட் மைக்குப் பஞ்சில் சானிடைசர். எதுவானாலும் முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள், பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடலாம். டிஸ்டெம்பர் அடித்த சுவர் என்றால் தேய்க்கவே வேண்டாம். தரையிலிருந்து மூன்றடிக்குத் தாள் ஒட்டி மறைப்பதுதான் வழி.

“என்ன வரைந்தாய்?” என்று இப்போது கேட்காதீர்கள். அந்தக் கிறுக்கலுக்கு அவளிடம் பெரும்பாலும் பெயர் இருக்காது. “அம்மாடி, சிவப்புக் கோடு எவ்வளவு தூரம் போயிருக்கு!” என்று கண்ணில் படுவதைச் சொல்லுங்கள். மூன்று வயதை ஒட்டி ஒரு நாள், தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிற ஒரு வட்டம் அந்தத் தாளில் விழும். அதைக் கிழித்து எடுத்து, பின்பக்கம் தேதி போட்டு வையுங்கள்.