கிங் கர்டிஸ் வீணாய்ப் போனாரா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜாஸ் பற்றிய உங்கள் கட்டுரையில் போகிற போக்கில் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் கிங் கர்டிஸின் பெயரைச் சொல்லியிருந்தீர்கள். தேடிப்பிடித்துக் கேட்டேன், பிடித்துப்போயிற்று. ஆனால் ஜாஸில் ஊறிய நண்பர் ஒருவர், “பெரிய திறமைசாலி, காசுக்காக மற்றவர்களின் பாட்டில் பத்து நொடி ஊதியே வீணாய்ப் போனவர். அவர் படித்த அதே பள்ளியில் படித்த ஆர்னெட் கோல்மன் ஜாஸையே மாற்றினார். இவர் என்ன செய்தார்?” என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இந்தப் பேச்சைப் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது.

பள்ளி விஷயம் உண்மைதான். டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த் நகரில், நிறப்பாகுபாடு சட்டமாக இருந்த காலத்தில் கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த ஐ.எம். டெரல் உயர்நிலைப் பள்ளி. ஆர்னெட் 1930இல் பிறந்தவர், கர்டிஸ் 1934இல். ஆனால் அதே ஆர்னெட்டும் ரிதம் அண்ட் புளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களிடையே பிறந்த வெகுஜன இசை) குழுக்களில் ஊதித்தான் வளர்ந்தார். ஜாஸின் பெரும் சாக்சபோன் கலைஞரான ஜான் கோல்ட்ரேன் 1952இல் ஏர்ல் பாஸ்டிக்கின் ரிதம் அண்ட் புளூஸ் குழுவில் ஊர் ஊராகப் போனவர். வாசித்தவர்களுக்கு ஜாஸுக்கும் ரிதம் அண்ட் புளூஸுக்கும் நடுவே சுவர் ஏதும் இருக்கவில்லை. சுவரை எழுப்பியவர்கள் இசைத்தட்டு விற்றவர்களும் விமர்சனம் எழுதியவர்களும்தான்.

கர்டிஸ் கல்லூரிப் படிப்புக்குக் கிடைத்த உதவித்தொகையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். பிறகு நியூயார்க். அங்கே ஸ்டூடியோக்களில் வாசிப்பதே அவருடைய தொழிலாயிற்று. அந்தத் தொழிலின் நிலைமையைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய கலை புரியும். மூன்று மணி நேர அமர்வு, அதற்கு இசைக்கலைஞர் சங்கம் நிர்ணயித்த கூலி. அந்த நேரத்துக்குள் மூன்று நான்கு பாட்டுகளை முடித்தாக வேண்டும். இசைத்தட்டின் மேல் பாடகரின் பெயர்தான் அச்சாகும், வாசித்தவருடையது வராது. பாட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் அந்த விற்பனையில் அவருக்குப் பங்கு கிடையாது. தனியாக வாசிக்கக் கிடைப்பது எட்டு பார் (தாளச் சுற்று), அதிகம் போனால் பதினாறு. அதற்குள் ஒன்றைச் சொல்லி முடிக்க வேண்டும்.

1958இல் கோஸ்டர்ஸ் குழு பாடிய ‘யாக்கெட்டி யாக்’ பாட்டைக் கேளுங்கள். இரண்டு நிமிடம்கூட இல்லாத பாட்டு. வீட்டில் பெற்றோர் பிள்ளையை வேலை ஏவுகிறார்கள், எதிர்த்துப் பேசாதே என்கிறார்கள். பிள்ளைக்குப் பாட்டில் அதிகம் பேச வாய்ப்பில்லை. அப்போது கர்டிஸின் டெனர் சாக்சபோன் நுழைகிறது. நாக்கால் ரீடை (ஊதும் வாய்ப்பகுதியிலுள்ள மெல்லிய பட்டையை) வேகமாகத் தட்டித்தட்டி, கோழி கொத்துவது போல ஸ்வரங்களைத் துண்டு துண்டாக உதறுகிறார். பையன் வாய்க்குள் வைத்திருந்த பதிலெல்லாம் அந்தச் சில நொடிகளில் கொட்டிவிடுகிறது. பாட்டின் கதையையே அந்த இடத்தில் சாக்சபோன்தான் சொல்கிறது. இதைக் காசுக்கு ஊதியது என்று எப்படித் தள்ளுவது?

இன்னொன்று, ‘ரெஸ்பெக்ட்’. ஓட்டிஸ் ரெடிங் 1965இல் பாடிய மூலப் பாட்டில் நடுப்பகுதி என்று தனியாக ஒன்று கிடையாது. 1967 பிப்ரவரியில் பாடகி அரீத்தா பிராங்க்ளின் அதை நியூயார்க்கில் பதிவுசெய்தபோது நடுவில் ஒன்று தேவைப்பட்டது. சாம் அண்ட் டேவ் என்ற பாடகர் இணையின் பாட்டு ஒன்றிலிருந்து கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரத்தொகுதி) வரிசையை எடுத்து அங்கே பொருத்தினார்கள். சி என்ற சுருதியில் போய்க்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று எஃப் ஷார்ப் மைனர் என்ற தொலைவான சுருதிக்குத் தாவுகிறது. காது தடுமாற வேண்டிய இடம். கர்டிஸ் நுழைகிறார். வேகத்தைக் காட்டவில்லை, வித்தையும் காட்டவில்லை. தொண்டைக் கரகரப்போடு, அரீத்தாவின் குரல் எங்கே விட்டதோ அங்கிருந்தே பேசுவது போல வாசிக்கிறார். இருபது நொடிகூட இராது. பாட்டு மறுபடி சி-க்கு வந்துசேரும்போது தாவல் நடந்ததே நமக்குத் தெரிவதில்லை. எனக்கு அந்தப் பாட்டிலேயே பிடித்த இடம் அது.

ஜாஸ் வாசிக்கத் தெரியாததால் இங்கே வந்தவரும் இல்லை. 1960இல் ‘தி நியூ சீன் ஆஃப் கிங் கர்டிஸ்’ என்ற ஆல்பத்தில் அவருக்குப் பியானோ வாசித்தவர் விண்டன் கெல்லி, டபுள் பேஸ் பால் சேம்பர்ஸ். இருவரும் அதற்கு முந்தைய ஆண்டு ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற ஜாஸ் ஆல்பமான ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் வாசித்தவர்கள். அவர்களுடன் கர்டிஸ் சரிக்குச் சரியாக நிற்கிறார். ஆனாலும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நீண்ட வாசிப்புகள் நல்லவை, கௌரவமானவை. அவருடைய உச்சம் அங்கே இல்லை. இடம் குறுகக் குறுகத்தான் அவர் கூர்மையானார். அதை ஜாஸிலிருந்து சறுக்கி விழுந்ததாகப் பார்ப்பது, சிறுகதை எழுதுகிறவரிடம் நாவலைக் கேட்டுக்கொண்டே இருப்பதில் போய் முடியும்.

தன் பெயரிலும் அவர் வெற்றி பெற்றார். 1962இல் ‘சோல் ட்விஸ்ட்’ ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1965இல் பீட்டில்ஸின் ஷியா ஸ்டேடியம் நிகழ்ச்சியில், ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு முன்னால், அவர்களுக்கு முன்பு மேடையேறிய குழுக்களில் இவருடையதும் ஒன்று. பிறகு அரீத்தாவின் இசைக்குழுத் தலைவர்.

1971 ஆகஸ்ட் 13 இரவு, நியூயார்க்கில் தன் வீட்டு வாசலில் நடந்த ஒரு தகராறில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். வயது 37. அவருடைய இசைத்தட்டு நிறுவனமான அட்லாண்டிக் இறுதிச்சடங்கு நாளில் அலுவலகத்தை மூடியது. அரீத்தா வந்து பாடினார். அதே மாதக் கடைசியில் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன், தன் குழுவின் நிகழ்ச்சியொன்றில் வேறு பாட்டின் நடுவே நிறுத்தி, கர்டிஸைப் பற்றிப் பேசிவிட்டு, அவருடைய ‘சோல் செரனேட்’ மெட்டை வாசித்தார். அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது. ஆல்மனும் இரண்டு மாதத்தில் போய்விட்டார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். மேலே சொன்ன இரண்டு பாட்டுகளையும் முதலில் கேளுங்கள், சாக்சபோன் வரும் இடத்தை மட்டும் திரும்பத்திரும்ப. அடுத்து, 1971 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் பதிவான ‘லைவ் அட் ஃபில்மோர் வெஸ்ட்’. முதல் பாட்டு ‘மெம்ஃபிஸ் சோல் ஸ்டூ’. அதில் அவர் சமையல் குறிப்புச் சொல்வது போல பேஸ், டிரம்ஸ், கிட்டார் என்று ஒவ்வொருவரையாக உள்ளே அழைப்பார், தன் சாக்சபோனைக் கடைசியில்தான் எடுப்பார். ‘நியூ சீன்’ ஆல்பத்தை அதற்குப் பிறகு கேட்டால் போதும். உங்கள் நண்பரிடம் அதையே முதலில் கொடுங்கள், அவருக்கு அந்த வாசல்தான் சரிப்படும்.

அன்புடன்,
ஆசிரியர்