“நெஞ்சு ஏறி இறங்குகிறதே, சிஸ்டர்?”: உறுப்பு தானம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஐசியூவில் செவிலியராக இருந்து, அப்புறம் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராகப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். உறுப்பு தானம் பற்றியும் ஆபரேஷனுக்குப் பிறகான வாழ்க்கை பற்றியும் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாத்திரை அளவை மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

சிஸ்டர், என் சித்தப்பா மகன் பைக் விபத்தில் அடிபட்டான். மூன்றாம் நாள் மூளைச்சாவு என்றார்கள். ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது, கை சூடாக இருந்தது. நாங்கள் தானத்துக்குச் சம்மதிக்கவில்லை. அவன் உயிரோடுதான் இருந்தானோ என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது. (திண்டுக்கல்)

தம்பி, முதலில் ஒன்று. சம்மதிப்பதும் மறுப்பதும் குடும்பத்தின் உரிமை. நீங்கள் யாருக்கும் துரோகம் செய்துவிடவில்லை.

நெஞ்சை ஏற்றி இறக்கியது வென்டிலேட்டர். இதயத்துக்குத் துடிப்பைத் தருவது அதற்குள்ளேயே இருக்கும் மின்தூண்டல். மூளை செத்த பிறகும், பிராணவாயு போய்ச் சேரும்வரை கொஞ்ச காலம் அது துடிக்கும். ரத்தம் ஓடுவதால் கை சூடாக இருக்கும். ஆனால் மூச்சு விடச் சொல்வது மூளைத்தண்டு. அது செத்துவிட்டால் தானாக ஒரு மூச்சுகூட வராது. கோமா வேறு. கோமாவில் மூளைத்தண்டு வேலை செய்யும், சிலர் மீண்டு வருவார்கள். முறையாக உறுதிசெய்த மூளைச்சாவிலிருந்து யாரும் திரும்பியதில்லை.

அதை எப்படி உறுதி செய்வார்கள் என்பதை எந்தக் குடும்பமும் கேட்கலாம். கண்ணில் டார்ச் அடித்துக் கண்மணி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். பஞ்சால் கருவிழியைத் தொடுவார்கள். காதில் ஐஸ் தண்ணீர் விட்டு விழி அசைகிறதா என்று பார்ப்பார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டு இருமல் வருகிறதா என்று கவனிப்பார்கள். கடைசியில், பிராணவாயுவை மட்டும் கொடுத்துக்கொண்டு வென்டிலேட்டரைக் கழற்றி, ரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போதாவது ஒரு மூச்சு வருகிறதா என்று காத்திருப்பார்கள். நான்கு டாக்டர்கள் கொண்ட குழு இதைச் செய்யும். 6 மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்யும். உறுப்பு மாற்று ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் இந்தக் குழுவில் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

அந்தச் சோதனையைக் கூட நின்று பார்க்கக் குடும்பத்தில் ஒருவரை அனுமதிக்கச் சொல்லி நான் டாக்டர்களிடம் கேட்பேன். மூச்சு வராத அந்தச் சில நிமிடங்களைப் பார்த்தவர்களுக்கு, உங்களுக்கு வந்த சந்தேகம் பிறகு வந்ததில்லை. உங்களுக்கும் அன்று யாராவது இதை உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும்.

ஆதார் போட்டு ஆன்லைனில் உறுதிமொழி பதிவு செய்துவிட்டேன். அது போதும்தானே, அக்கா? (சேலம்)

போதாதும்மா. நோட்டோ என்கிற தேசிய அமைப்பின் தளத்தில் பதிவு செய்தது நல்லதுதான். ஆனால் அந்த நேரத்தில் கையெழுத்துப் போடுவது உங்கள் வீட்டார். அவர்கள் வேண்டாம் என்றால் யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

ஒரு பெண் என்னிடம், “அப்பா போன தீபாவளிக்கே சொல்லிட்டார் சிஸ்டர், எங்கே கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டாள். பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. இன்னொரு வீட்டில் இரண்டு நாள் அண்ணன் தம்பிகளுக்குள் வாக்குவாதம். கடைசியில் வேண்டாம் என்றார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவைத் திறந்தபோது தானம் செய்வதாக இறந்தவர் எழுதிவைத்த அட்டை கிடைத்தது. அந்த வீட்டு அம்மா எனக்குப் போன் செய்து அழுததை என்னால் மறக்க முடியவில்லை. இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் சொல்லிவிடுங்கள்.

மாமியாருக்கு 78 வயது, சர்க்கரை உண்டு, கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வீட்டிலேயே இறந்தால் என்னென்ன தானம் செய்யலாம்? (கும்பகோணம்)

கண் தானம் செய்யலாம். வயது, சர்க்கரை, கண்ணாடி, கண்புரை ஆபரேஷன் எதுவும் தடையில்லை. இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். உடனே கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், இமைகளை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள், தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்துங்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், முகம் கெடாது.

சிறுநீரகம், கல்லீரல், இதயம் இவற்றை வீட்டில் இறந்தவரிடமிருந்து எடுக்க முடியாது. உடல் தானம் முற்றிலும் வேறு, அது மருத்துவக் கல்லூரி மாணவர்கள் படிப்பதற்கு.

“அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பேனோ” என்று பெரியவர்கள் கேட்டால், கண்ணப்பரை நினைவுபடுத்துங்கள். கண்ணைப் பெயர்த்துக் கொடுத்தவரைத்தானே நாயனாராகக் கும்பிடுகிறோம்.

எல்லாம் பணக்காரர்களுக்குத்தான் போகிறது என்கிறார்களே? போலீஸ் கேஸ் என்றால் உடலைத் தர இழுத்தடிப்பார்களாமே? (திருநெல்வேலி)

2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த பதினைந்து வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை, டாக்டர்களான அவன் பெற்றோரே முன்வந்து கொடுத்தார்கள். அவன் இதயத்தைக் கொண்டுபோகச் சென்னைப் போலீசார் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டார்கள். அதே ஆண்டு தொடங்கிய அரசின் உறுப்பு தானத் திட்டத்தை இன்று தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் நடத்துகிறது. யாருக்கு என்பதை ரத்தப் பிரிவும் பதிவு வரிசையும் நோயின் தீவிரமும் தீர்மானிக்கின்றன. அரசு மருத்துவமனைகளிலும் ஆபரேஷன் நடக்கிறது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. உறுப்பை விற்றாலோ வாங்கினாலோ 5 முதல் 10 வருடம் வரை சிறை.

விபத்து என்றால் பிரேதப் பரிசோதனை எப்படியும் உண்டு. தானத்தால் சில மணி நேரம் கூடும், அதை மறைக்க விரும்பவில்லை. உறுப்பு எடுக்கும் செலவில் ஒரு ரூபாய்கூடக் குடும்பத்தின் தலையில் விழக் கூடாது. 2023 செப்டம்பர் முதல் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது.

கணவருக்குக் கிட்னி ஃபெயிலியர். நான்தான் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அவருக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, சொல்ல முடியவில்லை. (ஊர் வேண்டாம்)

நம் நாட்டில் உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெண்களே மிக அதிகம். ஆசையாகக் கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒருங்கிணைப்பாளரிடம், “உங்களிடம் தனியாகப் பேச வேண்டும்” என்று மட்டும் சொல்லுங்கள். விருப்பமில்லை என்றால், “மருத்துவ ரீதியாக இவர் கொடையாளராக முடியாது” என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கொடையாளரைக் காப்பாற்ற மருத்துவத்தில் உள்ள பழைய வழக்கம்தான் இது. ஆபரேஷன் அன்று காலையில்கூட மனதை மாற்றிக்கொள்ளலாம்.

பயம் மட்டும்தான், கொடுக்க மனசு இருக்கிறது என்றால் அது வேறு. ஒரு கிட்னியோடு நன்றாக வாழலாம். ஆனால் வருடா வருடம் பிரஷர், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) பார்த்தே ஆக வேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் எல்லோரும் அவரைத்தான் கவனிப்பார்கள், உங்களை மறந்துவிடுவார்கள். உங்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். கொழுந்தனார்களுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அண்ணனுக்குக் கிட்னி மாற்றி நான்கு மாதம். நன்றாக இருக்கிறார். எதிர்ப்பு சக்திக்குக் கஷாயம் கொடுக்கலாமா? (ஈரோடு)

வேண்டவே வேண்டாம். வந்த கிட்னியை உடம்பு அந்நியன் என்று தாக்காமல் இருக்கத்தான் டாக்ரோலிமஸ் மாதிரி மாத்திரைகளால் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்திருக்கிறோம். கஷாயம், லேகியம், பம்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. சில பொருட்கள் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், சில இறக்கிவிடும். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக்கும் கிட்னிக்கு ஆகாது.

“நன்றாக இருக்கிறார்” என்பதில்தான் எனக்குப் பயம். உடம்பு கிட்னியை ஒதுக்க ஆரம்பித்தாலும் முதலில் ஒன்றும் தெரியாது. கிரியேட்டினின்தான் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை மாத்திரை, போனில் அலாரம் வையுங்கள். மருந்தளவு பார்க்கப் போகும் நாளில் ரத்தம் எடுத்த பிறகே காலை மாத்திரை. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள்.

சொந்தக்காரர்கள் பழமும் ஹார்லிக்ஸுமாக வந்து கட்டிலைச் சுற்றி உட்கார வேண்டாம். உதவ நினைப்பவர்களிடம், அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடச் சொல்லுங்கள். செக்கப்புக்குக் காரில் அழைத்துப்போகச் சொல்லுங்கள். அண்ணியை ஒரு மத்தியானம் தூங்க விடுங்கள்.

எனக்குக் கல்லீரல் மாற்றி இரண்டு வருடம். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? (கோவை)

பலர் பெற்றிருக்கிறார்கள். ஆனால் முதலில் டாக்டரிடம் பேசுங்கள், தானாக உண்டாகட்டும் என்று விடாதீர்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கத் தரும் மாத்திரைகளில் ஒன்றான மைக்கோஃபினோலேட் கருவுக்குக் கெடுதல் செய்யும். கரு உண்டாவதற்குக் குறைந்தது 6 வாரம் முன்பே அதை மாற்ற வேண்டும், அதுவும் டாக்டர் சொன்னபடி.

எனக்கு இதயம் கொடுத்த குடும்பத்தை ஒருமுறை பார்த்து நன்றி சொல்ல வேண்டும். யாரென்று சொல்ல மறுக்கிறார்கள். (சென்னை)

சொல்லக் கூடாது என்பதுதான் விதி. இரண்டு பக்கமும் பாதுகாப்பாக இருக்கத்தான் அது. பெயர், ஊர் இல்லாமல் ஒரு கடிதம் எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள். அந்த வீட்டார் விரும்பினால் அவர்களிடம் சேர்ப்பார்கள். என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால், இப்போது எத்தனை மாடி ஏறுகிறீர்கள் என்று எழுதுங்கள்.