ஏற்காட்டு வீட்டுக்கு எந்த ஹீட்டர் சரி? எப்படிப் பராமரிப்பது?

அமெரிக்காவில் மகன் வீட்டில் இருப்பதுபோல ஒரு ஃபர்னஸ் வைத்து எல்லா அறைக்கும் சூடான காற்றை அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். மாதக்கணக்கில் உறைபனி கிடக்கும் ஊருக்கான ஏற்பாடு அது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் மார்கழி, தை இரவுகள்தான் கடுமை. அப்போதும் நம்மை வாட்டுவது குளிரைவிட ஈரம். மூடுபனி ஜன்னல் இடுக்கில் நுழைந்து மெத்தை வரை ஊறிவிடும்.

அதனால் முதல் செலவை ஓட்டுக்கு அடியில் பலகைக் கூரை போடுவதற்கும், கதவு இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைப்பதற்கும் வையுங்கள். ஈரத்துணியை வீட்டுக்குள் காயப்போடாதீர்கள். பிறகு படுக்கையறைக்கு எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் ஒன்று போதும். 1,500 வாட் ஹீட்டர் தொடர்ந்து எரிந்தால் மணிக்கு ஒன்றரை யூனிட் ஆகும். அறை சூடேறியதும் தெர்மோஸ்டாட் தானே நிறுத்திவிடும். 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெயை மாற்ற வேண்டியதில்லை. மடிப்புகளில் படியும் தூசியைத் துடைத்தால் போதும்.

கணப்பு அடுப்பு ஆசையும் இருக்கிறது என்கிறீர்கள். எனக்கும் அது பிடிக்கும், ஆனால் விறகைப் பொறுத்தே எல்லாம். காப்பித் தோட்டத்தில் கிளை கழித்த சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கும். அன்றே வாங்கி அன்றே எரிக்க முடியாது. பிளந்து, மழை படாமல் காற்றாட அடுக்கி, ஒரு வருடமாவது காயவிட வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரக்கட்டை வெட்டுமுனையில் நுரை கக்கிச் சீறும். அதன் புகைதான் புகைபோக்கியின் உள்சுவரில் தார்போலப் படிந்து, ஒருநாள் அடுப்பின் சூட்டில் தீப்பற்றுகிறது. ஆண்டுதோறும் குளிர் தொடங்குமுன் புகைபோக்கியைத் துடைத்து, பறவைக் கூடு இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்: கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள், தணல் மட்டும் இருந்தாலும்கூட. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கொடைக்கானலில் இப்படித் தூக்கத்திலேயே உயிர்போன செய்தி வந்திருக்கிறது.

அப்பாவுக்கு மூச்சிரைப்பு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அறையில் கணப்பு வேண்டாம், எண்ணெய் ஹீட்டரே வையுங்கள். ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வையுங்கள்.