விடுமுறை வீட்டில் செல்லப்பிராணிக்கு அடிபட்டால்: கேள்வி பதில்

இன்சூரன்ஸ் கிளெய்ம் பிரிவில் 22 வருடம் இருந்தேன். அதில் பாதிக் காலம், நஷ்ட ஈடு கேட்டு வந்தவர்களின் கணக்கில் எங்கே கத்தரி வைக்கலாம் என்று பார்ப்பதுதான் வேலை. அந்தப் பாவத்தைக் கழுவ இன்று ஒரு நாள் உங்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கேளுங்கள்.

பிரவுனியின் அப்பா: வாடகைக்கு எடுத்த விடுமுறை வீட்டில் மூன்று நாள் தங்கினோம். ஊர் திரும்பி இரண்டாம் நாள் நாய்க்கு இருமல், ஈறு வெளுத்துவிட்டது. எலி மருந்தாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். ‘இங்கே இருந்தவரை நன்றாகத்தானே இருந்தது’ என்கிறார் வீட்டுக்காரர். நாங்கள் என்ன செய்ய முடியும் அண்ணா?

முதலில் நாயைப் பாருங்கள், பிறகு வழக்கு. இங்கே இரண்டும் ஒரே பாதைதான்.

பரவலாகப் புழங்கும் எலி மருந்து ரத்தம் உறையவிடாமல் செய்யும் வகை. ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே உடம்பில் மறுபடி பயன்படுவதை அது தடுக்கும். ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் உறைபொருள்கள் தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. தின்று 3 முதல் 5 நாள் கழித்துத்தான் சோர்வு, இருமல், ஈறு வெளுப்பு எல்லாம் வரும். ஆக, ‘இங்கே நன்றாகத்தானே இருந்தது’ என்பது அவருக்குச் சாதகமான சாட்சியே இல்லை. அங்கே தின்றிருந்தால் அங்கே நன்றாகத்தான் இருந்திருக்கும். இதை உங்கள் மருத்துவர் எழுத்தில் தர வேண்டும்: எந்தத் தேதியில் என்ன அறிகுறி, ரத்தம் உறையும் நேரம் எவ்வளவு, அதை வைத்துப் பார்த்தால் எந்த நாட்களில் தின்றிருக்கக்கூடும். ரத்த மாதிரியை விஷப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மருந்தின் பெயரே வந்துவிட்டால் பாதி வழக்கு முடிந்தது. நாயின் மலத்தில் பச்சை, நீலத் துணுக்கு தெரிந்தால் அருவருப்புப் பார்க்காமல் படம் எடுங்கள்.

அடுத்தது, வீட்டுக்காரருக்கு அங்கே மருந்து இருந்தது தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா? கேள்வியே இதுதான். இன்று நான் சொல்லப்போகும் எல்லாப் பதிலும் இங்கேதான் வந்து நிற்கும். ‘நீங்கள் மருந்து வைத்தீர்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்வார். ‘எலிக்கு என்ன ஏற்பாடு செய்கிறீர்கள், கடைசியாக எப்போது செய்தீர்கள், மருத்துவர் கேட்கிறார்’ என்று கேளுங்கள். போனில் வேண்டாம், புக்கிங் செய்த தளத்தின் செய்திப்பெட்டியிலேயே கேளுங்கள்.

சிகிச்சையை நடுவில் நிறுத்தாதீர்கள். வைட்டமின் கே1 பெரும்பாலும் 3, 4 வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். கடைசி வேளை கொடுத்து 48 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. எல்லா பில்லையும் வைத்திருங்கள்.

இரண்டு பூனைக்காரி: ‘செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு’ என்று போட்டிருந்தார்கள். மாடி ஜன்னல் வலை கழன்று பூனை விழுந்து காலை முறித்துக்கொண்டது. அவர்கள் பொறுப்புதானே?

அனுமதி என்றால் அனுமதி, அவ்வளவுதான். பாதுகாப்புக்கு உத்தரவாதம் கொடுத்ததாக ஆகாது. ஆனால் ‘ஜன்னல்களுக்கு வலை உண்டு’ என்றோ ‘முழுக்க வேலி போட்ட தோட்டம்’ என்றோ எழுதியிருந்தால் அது வாக்குறுதி. அந்த விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விபத்துக்கு மறுநாள் அந்த வரிகள் காணாமல் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

வலை பார்வைக்கு நன்றாக இருந்து, கொக்கி உளுத்திருந்தால் உங்கள் பக்கம் வலு. வலை தொங்குவது கண்ணுக்குத் தெரிந்தும் ஜன்னலைத் திறந்திருந்தால் தவறில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று தொகையைக் குறைப்பார்கள். நானே குறைத்திருக்கிறேன்.

அவசரக்காரன்: எவ்வளவு கிடைக்கும்?

நாட்டையும் பில்லையும் ஆதாரத்தையும் பொறுத்தது.

பெயர் வேண்டாம்: நாய்க்கு அனுமதி இல்லாத வீடு. சின்ன நாய்தானே என்று சொல்லாமல் கூட்டிப்போனோம். தரைப்பலகை உடைந்து அதன் கால் மாட்டிக்கொண்டது.

அந்தப் பலகையில் உங்கள் கால் மாட்டியிருந்தால் நிலைமை வேறு. நாய் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவே வேண்டியதில்லை. கேட்டுப் பார்க்கலாம்; ஆனால் விதியை மீறியதற்கு அவர் உங்களிடம் பணம் கேட்க நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள்.

மல்லிகா ரசிகை: வரவேற்க மேஜையில் லில்லிப் பூங்கொத்து வைத்திருந்தார்கள். பூனை கடித்து, சிறுநீரகம் பழுதாகி ஐ.சி.யு.வில் இருந்தது. பூ வைத்தது குற்றமா சார்?

நல்ல கேள்வி. உண்மையான லில்லி வகைகள் பூனைக்குக் கொடிய விஷம். இலை, பூ, தண்டு, ஜாடித் தண்ணீர் எதுவும் விலக்கில்லை. ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும், 1 முதல் 3 நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். நாய்க்கு இந்த அளவு ஆபத்து கிடையாது. பூனை வளர்க்காத ஒருவருக்கு இது தெரிந்திருக்க வேண்டுமா? பொதுவாக, வேண்டாம். ஆனால் பூனை வருவது அவருக்குத் தெரியும், அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கியிருக்கிறார் என்றால், ‘காசு வாங்கினீர்களே, கொஞ்சம் விசாரித்திருக்கக் கூடாதா’ என்று வாதாடலாம். என் கணிப்பு: முழுத் தொகை வராது, பாதியில் சமரசம் ஆகும். புக்கிங்கில் ‘பூனை’ என்று எழுதியிருந்தீர்களா, வெறும் ‘செல்லப்பிராணி’ என்றா? பாருங்கள்.

கோபக்காரர்: பணம் தராவிட்டால் ஒற்றை நட்சத்திரம் போட்டு நாறடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

இல்லை. விமர்சனத்தைக் காட்டிப் பணம் கேட்பதைத் தளங்கள் மிரட்டல் என்று பார்க்கும். உங்கள் கணக்கையே முடக்கலாம். கேட்பதை முதலில் கேளுங்கள். விமர்சனத்தை, அதற்குத் தளம் தரும் கெடு முடிவதற்குள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். இரண்டையும் ஒரே செய்தியில் சேர்க்காதீர்கள்.

ஷேடோவின் அம்மா: சுமாராக எவ்வளவு கிடைக்கும் என்றாவது சொல்லுங்களேன்?

மேலே அவசரக்காரனுக்குச் சொன்னதுதான். ஆனால் அடிப்படை ஒன்று: பல நாடுகளில் சட்டத்தின் கண்ணில் செல்லப்பிராணி ஒரு பொருள். சிகிச்சைச் செலவு, இறந்துவிட்டால் அதன் சந்தை விலை, அத்தோடு நின்றுவிடும்.

ஷேடோவின் அம்மா: பொருளா! பிள்ளை மாதிரி வளர்த்ததை மேஜை நாற்காலியோடு சேர்க்கிறீர்களே.

நான் சேர்க்கவில்லை அம்மா, சட்டம் சேர்க்கிறது.

சட்டக் கல்லூரி: எல்லாச் சட்டமும் இல்லை சார். ஜெர்மனி 1990-லேயே ‘விலங்குகள் பொருள்கள் அல்ல’ என்று சிவில் சட்டத்தில் 90-அ பிரிவைச் சேர்த்துவிட்டது.

அடுத்த வரியையும் படியுங்கள் தம்பி. வேறு ஏற்பாடு இல்லாத இடத்தில் பொருளுக்குரிய விதிகளே விலங்குக்கும் பொருந்தும் என்று அதே பிரிவு சொல்கிறது. நமக்கு உதவுவது 251-ஆம் பிரிவு: சிகிச்சைச் செலவு விலங்கின் விலையைவிட மிகவும் அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக அதை அளவுக்கு மீறியது என்று தள்ள முடியாது. தெருவில் எடுத்து வளர்த்த நாய்க்கு விலை ஏது? ‘விலையில்லாத நாய்க்கு இவ்வளவு பில்லா’ என்ற வாதத்தை அங்கே அந்தப் பிரிவு அடைத்துவிடுகிறது.

ஷேடோவின் அம்மா: அதுவும் பில்தானே. மனவேதனைக்கு?

சுவிட்சர்லாந்தில் கொஞ்சம் வழி உண்டு. வீட்டில் வளரும் விலங்கு காயப்பட்டாலோ கொல்லப்பட்டாலோ, வளர்த்தவருக்கு அதன்மேல் இருந்த பாச மதிப்பையும் நீதிபதி கணக்கில் எடுக்கலாம்.

சட்டக் கல்லூரி: அமெரிக்காவில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2013-இல் நேர் எதிராகச் சொன்னது. காப்பகத்தில் தவறுதலாகக் கருணைக்கொலை செய்யப்பட்ட நாய்க்குப் பாச மதிப்பு கிடையாது என்று.

ஆமாம். ‘நாய் குடும்பத்தில் ஒருத்தர்’ என்ற உணர்வை மதித்து எழுதிவிட்டுத்தான் கையை விரித்தார்கள்.

ஷேடோவின் அம்மா: மதித்து என்ன பிரயோஜனம்?

உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நாளில் இப்படி அழுதவர்களுக்குச் சந்தை விலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அதனால்தான் சொல்கிறேன், அழுகையைக் கடிதத்தின் முதல் பக்கத்தில் வைக்காதீர்கள். தேதி, காரணம், பில். படிப்பவர் அந்த மூன்றைத்தான் தேடுவார்.

இந்த விவாதம் போதும். வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

புது நாய்: பக்கத்து வீட்டு நாய் வேலி தாண்டி வந்து கடித்தது.

அந்த நாயை வளர்ப்பவரைக் கேளுங்கள். அது அடிக்கடி வரும் என்று தெரிந்தும் வீட்டுக்காரர் மறைத்திருந்தால் அவரையும்.

ஆலிவ்: ‘எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல’ என்று வீட்டு விதியில் இருக்கிறது. அவ்வளவுதானா?

இல்லை. அந்த வரி எல்லா இடத்திலும் செல்லாது, அலட்சியத்தையும் எப்போதும் மூடாது. எழுதிக் கேளுங்கள். அவரிடம் மன்னிப்பு எதிர்பார்க்காதீர்கள். தவறை ஒப்புக்கொள்ளாதே என்று பல பாலிசிகளே சொல்கின்றன. ‘உங்கள் பொறுப்புக் காப்பீட்டுக்கு (பிறருக்கு நேரும் நஷ்டத்துக்காக எடுக்கும் இன்சூரன்ஸ்) தெரிவித்தாயிற்றா’ என்று மட்டும் கேளுங்கள். உங்கள் நாய்க்குத் தனியாக இன்சூரன்ஸ் இருந்தால் முதலில் அங்கே போங்கள். அவர்கள் உங்களுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். அவர்களைக் கேட்காமல் வீட்டுக்காரரோடு ‘முழுத் தீர்வு’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டால் அந்த வழி அடைபடும்.

டாமியின் தோழன்: எவ்வளவு கிடைக்கும் சார்?

மேலே. இரண்டு முறை.

பிரவுனியின் அப்பா: அண்ணா, வீட்டுக்காரர் பதில் போட்டுவிட்டார். ‘நான் ஒன்றும் வைக்கவில்லை, பூச்சி மருந்துக் கம்பெனிக்காரர்கள்தான் போன மாதம் கொல்லையில் வைத்துவிட்டுப் போனார்கள்’ என்று.

வைத்தது அவருக்குத் தெரியும் என்று அவரே எழுதித் தந்துவிட்டார். என்ன மருந்து, எந்தத் தேதி, எங்கெங்கே என்று கம்பெனியின் ரசீதைக் கேளுங்கள். மருத்துவருக்கும் அது உடனே வேண்டும். எல்லா எலி மருந்துக்கும் வைட்டமின் கே முறிமருந்து ஆகாது, வேறு வகையாக இருந்தால் சிகிச்சையே மாறும். அவர் கூப்பிட்டால் எடுக்காதீர்கள். அதற்கு முன்னால், அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்றா?