பாட்டியிடம் வளரும் 2 வயதுக் குழந்தைக்கு எந்த டிவி நிகழ்ச்சி நல்லது?

பையனுக்கு 2 வயது முடியப்போகிறது, நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், பகல் முழுக்கப் பாட்டியிடம் இருக்கிறான், இங்கிலீஷ் வரட்டும் என்று இங்கிலீஷ் ரைம்ஸ் போட்டுவிட்டுப் போகிறீர்கள், இதைவிட அறிவு வளர்கிற மாதிரி என்ன போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில், பாட்டிக்குப் புரிகிறதைப் போடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் யாரோ அவருடைய மொழியில் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் நிகழ்ச்சியின் பெயரைத் தேடுங்கள்.

காரணம் இருக்கிறது. இரண்டு, இரண்டரை வயது வரை திரையில் பார்ப்பதை நிஜத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்வது குழந்தைக்குக் கஷ்டம். ஒரு விஷயத்தை ஆள் நேரில் செய்து காட்டினால் சட்டெனப் பிடித்துக்கொள்ளும், அதையே வீடியோவில் காட்டினால் அந்த அளவுக்கு ஏறாது. பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு இது. அந்த இடைவெளியை நிரப்புவது பக்கத்தில் இருப்பவரின் பேச்சுதான்.

எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். மதுரை திருநகரில் இருக்கிறோம், பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது என் அம்மா. தமிழில் வண்டிகள் பற்றி ஒரு வீடியோ, அதில் ஜேசிபி வந்து மண் அள்ளும். உடனே அம்மாச்சி, "இந்தா பாருடி தங்கம், நம்ம தெருவுல சாக்கடைக்குத் தோண்டுச்சுல்ல, அந்த வண்டிடி" என்பார். பாப்பா எழுந்து வாசல் கேட் பக்கம் ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துவிட்டு, "காணோம்" என்று கையை விரித்தபடி வரும். "சாயங்காலம் வரும்டி" என்று இவர் ஒரு பொய் சொல்ல, அதற்கு அது ஒன்று கேட்க, அதற்குள் டிவியில் ஜேசிபி போய் டிராக்டர் வந்திருக்கும், இரண்டு பேரும் கவனிக்க மாட்டார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் குழந்தை கற்றுக்கொண்டது முழுக்க அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. அதே நேரத்தில் இங்கிலீஷ் கார்ட்டூன் ஓடினால் அம்மாச்சி முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார், பாப்பா மட்டும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும். அம்மாச்சியைக் குறை சொல்ல முடியுமா? புரியாததை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது!

இங்கிலீஷ் பற்றிக் கவலை வேண்டாம், அது பள்ளிக்கூடத்தில் வந்துவிடும். வேண்டுமானால் சாயங்காலம் நீங்கள் வந்தபின் கூட உட்கார்ந்து ஒன்று பாருங்கள். பெப்பா பிக் என்ற கார்ட்டூன் ஓர் எபிசோட் ஐந்து நிமிஷம்தான், புளூயி என்ற கார்ட்டூன் ஏழு நிமிஷம். புளூயி அப்பா அம்மாவுக்கே பிடிக்கும், ஆனால் கதை கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கானது. எண்களுக்கு நம்பர்பிளாக்ஸ் அருமையான நிகழ்ச்சி, மூன்று வயது ஆகட்டும். கல்வித் தொலைக்காட்சி என்று பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், 2019-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அந்த சேனல் பள்ளி மாணவர்களுக்கானது.

மொழிக்கு அப்புறம் பார்க்க வேண்டியது வேகம். நீங்கள் முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் பாருங்கள். என்ன நடக்கிறது என்று உங்களுக்கே படத்தை மட்டும் வைத்துப் புரிந்தால் சரி. காட்சி இரண்டு நொடிக்கு ஒருமுறை வெட்டி வெட்டி மாறி, கலர் கலராகப் பளிச்சிட்டு, பலூனும் சாக்லேட்டும் பறந்துகொண்டே இருந்தால் அதை விட்டுவிடுங்கள். நிகழ்ச்சியில் வரும் பாத்திரம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் குழந்தை பதில் சொல்ல இடம் விடுகிறதா என்றும் பாருங்கள். 1996-ல் அமெரிக்காவில் வந்த புளூஸ் குளூஸ் என்ற நிகழ்ச்சி இதற்காகவே பேர்போனது. கேள்வி கேட்டுவிட்டு நிகழ்ச்சி நடத்தும் ஆள் சும்மா நிற்பார், பெரியவர்களுக்கு எரிச்சல் வரும் அளவுக்கு நிற்பார், பிள்ளைகள் கத்திப் பதில் சொல்வார்கள். ஒரே எபிசோடைத் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போட்டார்கள், பார்க்கப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் புரிவதும் பதில் சொல்வதும் கூடியது. ஆகவே உங்கள் பையன் பார்த்ததையே கேட்டு அழுதால் போடுங்கள், புதிது தேடாதீர்கள்.

1969-ல் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரையில் வேறு படங்களை மாற்றி மாற்றிக் காட்டி, குழந்தை எந்த இடத்தில் கண்ணைத் திருப்புகிறது என்று குறித்துவைத்து, அந்த இடங்களைத் திருத்தினார்கள். அவ்வளவு வேலை செய்து எடுத்ததுகூட மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை மனதில் வைத்துத்தான். கைக்குழந்தையை மேதையாக்கும் என்று விற்ற பேபி ஐன்ஸ்டைன் டிவிடிக்கு 2009-ல் டிஸ்னி பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அட்டையில் 'கல்வி' என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

நேரம்: 2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 5 வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்கிறார்கள் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தார். வெளியூரில் இருக்கும் தாத்தாவோடு வீடியோ காலில் பேசுவதை இதில் சேர்க்க வேண்டாம், அது பேச்சு. ஆனால் அம்மாச்சி பார்க்கும் சீரியல் கணக்கில் வரும். குழந்தை பார்க்கவில்லையே, பொம்மையோடுதானே விளையாடுகிறது என்று தோன்றும். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தால் பெரியவர்கள் குழந்தையோடு பேசுவது குறைந்துவிடுகிறது, குழந்தையின் விளையாட்டும் துண்டு துண்டாகிவிடுகிறது. இதை மாமியாரிடமோ அம்மாவிடமோ சொல்லி ஜெயிப்பது லேசு இல்லை. ஒரே ஒரு சீரியல், அதுவும் பிள்ளை தூங்கியபின் என்று எங்கள் வீட்டில் ஓர் உடன்படிக்கை, விடுமுறை நாளில் மீறப்படும்.

சாப்பாட்டுக்கு மட்டும் டிவி வேண்டவே வேண்டாம். வயிறு நிறைந்ததே தெரியாமல் வாயைத் திறந்துகொண்டிருக்கும். நிறுத்தினால் சில நாள் ரகளை இருக்கும், இரண்டு வாய் குறைவாகத்தான் இறங்கும், பரவாயில்லை.

யூடியூப் என்றால் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். முடிந்தால் யூடியூப் கிட்ஸில் நீங்கள் தேர்ந்தெடுத்த வீடியோ மட்டும் வரும்படி வைக்கலாம், தேடும் வசதியும் அதில் மறைந்துவிடும். பாட்டிக்கு இது பெரிய நிம்மதி, ரிமோட்டில் எதையாவது அமுக்கி எங்காவது போய் நிற்க வேண்டியதில்லை. அணைக்கும்போது திடீரென அணைக்காமல் எபிசோட் முடிந்ததும் ரிமோட்டை அவன் கையிலேயே கொடுத்து அமுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. 2 வயதில் "பால் வேணும்", "அம்மா வா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறானா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா? இல்லை என்றால் நல்ல நிகழ்ச்சி தேடுவதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மதுரை என்றால் நம் பெரியாஸ்பத்திரியிலேயே, அதாவது அரசு மருத்துவமனையிலேயே, குழந்தைகள் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓபி சீட்டு போட்டுவிட வேண்டும்.