அலைபேசி வழியே பால்வினை நோய் ஆலோசனை: டாக்டர் பதில்கள்

தூத்தூர் வாசகர்: ஆழ்கடலிலிருந்து திரும்பியிருக்கிறேன். உறுப்பில் வலியில்லாத புண். படம் அனுப்பினால் மருந்து எழுதித் தருவீர்களா?

பதில்: தம்பி, வலியில்லை என்பதுதான் என் கவலை. சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண் பெரும்பாலும் வலிக்காது. தொற்றிய மூன்று வாரம் வாக்கில் தோன்றி, மருந்தில்லாமலே ஆறிவிடும். நோய் போயிற்று என்று மறுபடி படகேறிவிடுவார்கள். கிருமி உடம்பிலேயே இருக்கும். இரத்தப் பரிசோதனை வேண்டும். உறுதியானால் பென்சதைன் பென்சிலின் ஊசி. அதை அலைபேசி வழியே போட முடியாது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். படம் எடுத்திருந்தால் முதலில் அழித்துவிடுங்கள். வீட்டில் எல்லோரும் பார்க்கிற கூகுள் போட்டோஸில் அது தானாகவே ஏறியிருக்கலாம், அங்கும் அழியுங்கள்.

குலசேகரம் வாசகர்: ரப்பர் பால் வெட்டுகிறேன். தொடையிடுக்கில் அரிப்பு. கடைக் களிம்பு பூசினால் அடங்குகிறது, நிறுத்தினால் கூடுகிறது. பால்வினை நோயா?

பதில்: வியர்வையில் வளரும் படர்தாமரையாகத்தான் இருக்கும். அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும். நிறுத்துங்கள். இதைக் காணொளியிலேயே பார்த்துவிடலாம்.

மார்த்தாண்டம் வாசகர்: நேற்றிரவு ஆணுறை கிழிந்துவிட்டது. எச்ஐவி பரிசோதனை எப்போது செய்யலாம்?

பதில்: பரிசோதனை இருக்கட்டும். தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், 28 நாள் சாப்பிடவேண்டும். தேவையா என்பதை மருத்துவமனையில் நேரில் பார்த்து முடிவு செய்வார்கள். வாசித்தது போதும், கிளம்புங்கள்.

கருங்கல் வாசகர்: பெயர் சொல்லாமல் ஆலோசனை பெறலாமா?

பதில்: முடியாது. தொலைமருத்துவத்துக்கு 2020 மார்ச்சில் வந்த வழிகாட்டுதல் அதை அனுமதிக்கவில்லை. மருத்துவரின் பதிவு எண்ணை நீங்களும் கேளுங்கள்.

கருங்கல் வாசகர்: சட்டம் பேசுவது எளிது, டாக்டர். எங்கள் ஊர் மருந்துக் கடைக்காரர் என் சித்தப்பா. சீட்டை நீட்டினால் மாலைக்குள் குடும்பத்துக்கே தெரிந்துவிடும்.

கொல்லங்கோடு வாசகர்: அண்ணாச்சி, பெயரே கேட்காத லாட்ஜ் வைத்தியரிடம் என் மச்சான் பணத்தைத் தொலைத்தார். அதைவிடப் பெயர் சொல்வது மேல்.

கருங்கல் வாசகர்: உங்கள் மச்சானுக்குச் சித்தப்பா மருந்துக் கடை வைத்திருக்கவில்லை!

பதில்: சண்டை வேண்டாம். மருந்தைச் சித்தப்பாவிடம்தான் வாங்கவேண்டும் என்று யார் சொன்னது? பஸ் ஏறி நாகர்கோவிலில் வாங்குங்கள். வெறும் விவரம் கேட்க எச்ஐவி உதவி எண் 1097 இருக்கிறது, இலவசம். அங்கே பெயர் வேண்டாம். ஆனால் அது சிகிச்சை அல்ல. எச்ஐவி பரிசோதனைக்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையம் உண்டு. உங்கள் பரிசோதனை முடிவை வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டு எச்ஐவி சட்டம் தடுக்கிறது. பெயரில்லாமல் மருந்து எழுதினால், ஒவ்வாமை வந்தால் யாரைத் தேடுவேன்?

குவைத் வாசகர்: இங்கிருந்தே உங்களிடம் பேசலாமா?

பதில்: அந்தத் தொலைமருத்துவ வழிகாட்டுதல் வெளிநாட்டு ஆலோசனைக்குப் பொருந்தாது. அங்குள்ள மருத்துவரைப் பாருங்கள்.

குளச்சல் வாசகர்: தூக்கத்தில் விந்து வெளியேறினால் உடல் தளருமா?

பதில்: தளராது.

இரணியல் வாசகர்: எனக்கும் அரிப்பு, ஒரு களிம்பு பூசுகிறேன்...

பதில்: குலசேகரத்துக்குச் சொன்னதே. களிம்பை எறியுங்கள்.

தக்கலை வாசகி: வெள்ளைப்படுதலுக்குத் தொற்று மருந்து தந்தார்கள். நான் மட்டும் சாப்பிட்டால் போதுமா?

பதில்: என்ன தொற்று என்பதைப் பொறுத்தது, அம்மா. பூஞ்சையென்றால் நீங்கள் மட்டும் போதும். கிளமிடியா, டிரைக்கோமோனாஸ் போன்ற பால்வினைத் தொற்று என்றால் உங்கள் கணவரும் சாப்பிடவேண்டும். இல்லையேல் உங்களுக்கே திரும்பி வரும். சீட்டை வைத்துக்கொண்டு அழையுங்கள். அவரிடம் தனியாகப் பேசுகிறேன், பக்கத்தில் நீங்கள் நிற்கவேண்டாம்.