சட்ட மரபைப் பார்த்து நாட்டை ஒதுக்கலாமா?

கேள்வி: வெளிநாட்டுப் பங்குகள் வாங்கப் போகிறேன். இங்கிலாந்து வழிப் பொதுச் சட்ட மரபு (பழைய தீர்ப்புகளை வைத்து நீதிபதிகள் வளர்க்கும் சட்டம்) உள்ள நாடுகளில்தான் சிறு முதலீட்டாளருக்குப் பாதுகாப்பு அதிகம் என்கிறார்கள். பிரான்ஸ், ஜெர்மனி, பிரேசிலை விட்டுவிடலாமா?

பதில்: மரபை மட்டும் வைத்து விடாதீர்கள். இந்தப் பேச்சுக்கு மூலம், பொருளியலாளர் லா போர்ட்டாவும் இன்னும் மூவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு. 49 நாடுகளில் பங்குதாரர் உரிமைகளுக்கு 6-க்கு மதிப்பெண் போட்டார்கள். பொதுச் சட்ட நாடுகளின் சராசரி 4; எழுதிவைத்த சட்டத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்ட பிரெஞ்சு மரபு நாடுகளுக்கு 2.33. ஆனால் ஜெர்மன் மரபுக்குள்ளேயே ஜப்பானுக்கு 4, ஜெர்மனிக்கு 1! 2010-ல் சட்ட அறிஞர் ஹோல்கர் ஸ்பாமன் சட்டங்களை மறுபடி சரிபார்த்து மதிப்பெண்களைத் திருத்தியதும், பழைய முடிவுகள் நிற்கவில்லை. பொருளியலாளர்கள் ராஜன், சிங்காலெஸ் கணக்குப்படி 1913-ல் பிரான்சின் பங்குச் சந்தை மதிப்பு ஜிடிபியில் 78%, அமெரிக்காவுடையது 39%. 1980-ல் பிரான்ஸ் 9 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. இத்தனைக்கும் அதன் சட்ட மரபு மாறவே இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது பணம் எந்த வழியாகக் கசியும் என்பதை. ஒரு கம்பெனியில், அதைக் கட்டுப்படுத்தும் புரமோட்டருக்கு 30% பங்கு. அவருடைய சொந்த நிலத்தின் மதிப்பு 6 கோடி. அதைக் கம்பெனி 10 கோடிக்கு வாங்குகிறது. கம்பெனிக்கு நஷ்டம் 4 கோடி, அதில் அவர் பங்கு 1.2 கோடிதான். ஆக அவருக்கு 2.8 கோடி லாபம், அது மற்ற பங்குதாரர் பையிலிருந்து போனது. இயக்குநர் குழு ஒப்புதல், கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருக்கும். சட்டப் பிரிவை அப்படியே பார்க்கும் நீதிபதிக்கு இதில் பிழை தெரியாமல் போகலாம். பொதுச் சட்ட நீதிபதி நியாயமான விலையா என்று கேட்பார் என்பதே மரபு வாதத்தின் சாரம். வாதம் சரிதான், ஆனால் அதே கேள்வியை எழுத்துச் சட்டமும் விதியும் கேட்க வைக்கலாம். பிரேசில் பங்குச் சந்தை 2000-ல் தொடங்கிய, கடுமையான விதிகள் கொண்ட நோவோ மெர்காடோ என்ற தனிப் பட்டியலில் சேரும் கம்பெனிக்கு ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு கட்டாயம். கம்பெனியின் கட்டுப்பாடு கைமாறினால், அதை விற்றவருக்குக் கிடைத்த அதே விலையைச் சிறு பங்குதாரருக்கும் கொடுத்தாக வேண்டும்.

ஆகவே ஆண்டறிக்கையில் தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனைக் குறிப்பை (புரமோட்டரோடும் அவரைச் சேர்ந்தவர்களோடும் கம்பெனி செய்த கொடுக்கல் வாங்கல்) முதலில் திறங்கள். அந்தப் பரிவர்த்தனைக்கு ஓட்டுப் போட்டது யார், புரமோட்டர் விலகி நின்றாரா, விலையை வெளி மதிப்பீட்டாளர் பார்த்தாரா? அடுத்து, ஒன்றுக்கு ஓட்டு அதிகம், மற்றதுக்குக் குறைவு என இரண்டு வகைப் பங்கு உண்டா என்று பாருங்கள். 15% மூலதனம் வைத்திருப்பவர் கையில் 60% ஓட்டு இருந்தால், அந்த நாடு லண்டன் மரபா பாரிஸ் மரபா என்பது உங்களுக்கு அவ்வளவாக உதவாது.